கைப்பும் காப்பும்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கப் பாடல்களும் சிறுகதைகளும் பேசப்பட்டுவரும் இம்மேடையில், மருந்தாக்கவியலைக் கற்பிக்கும் ஒருவனை அழைத்து நிறுத்தியிருக்கிறீர்கள். 'உங்கள் துறையிலிருந்தே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசுங்கள்' என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எண்ணிப் பார்த்து, 'மருந்தின் கசப்பை மறைத்தல்' என்னும் பொருளைத் தெரிந்துகொண்டேன். கேட்ட அளவில் இது சிறியதொரு பொருளாகத் தோன்றலாம். ஆயினும் இதனுள் குழந்தைகளின் உயிரும் அடங்கியிருக்கிறது என்பதை இவ்வுரை முடிவதற்குள் நீங்கள் உணர்வீர்கள் என்று நம்புகிறேன்.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்தார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அம்மருந்தைக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி நூல்கள் நிறையவே பேசுகின்றன. நான்காமவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நள்ளிரவில், காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையை மடியில் கிடத்தி, ஒரு கையால் அதன் கன்னத்தைப் பிடித்து, மறு கையால் பாலாடையைச் சாய்க்கும் தாயே அந்த நான்காமவர். மருத்துவர் எழுதிய மருந்து நோயாளியின் உடலுக்குள் செல்வதும் செல்லாததும் அந்தக் கணத்தில்தான் முடிவாகிறது. கசப்பை மறைக்கும் கலை அந்தத் தாய்க்குத் துணையாகவே தோன்றியது.

நான் சொல்ல விழைவது ஒன்றே. நாவு உடலின் வாயிற்காவலன். அவனைக் கடந்து மருந்தை உள்ளே அனுப்புவது தேவையான செயல். பல வேளைகளில் உயிர் காக்கும் செயல். ஆனால் காவலனை உறங்கச் செய்தவர் எவரோ, அவரே அந்தக் காவலை ஏற்று நிற்கவும் வேண்டும். இக்கருத்தைச் சற்று விரித்துரைக்க அனுமதி வேண்டுகிறேன்.

நாவாகிய காவலன்

கசப்பை நாம் ஏன் வெறுக்கிறோம்? தாவரங்கள் தம்மைத் தின்ன வரும் உயிர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பலவகை வேதிப்பொருள்களை ஆக்கி வைத்திருக்கின்றன. அவற்றுள் பல நஞ்சு. நஞ்சுள் பல கசப்பு. எனவே கசப்பைக் கண்டதும் துப்பிவிடும் இயல்பு உயிர்வாழ்வுக்குத் துணை செய்தது. பிறந்து சில மணி நேரமே ஆன சிசுவின் நாவில் ஒரு துளி கசப்பு நீரை வைத்தால், அது முகம் சுளித்து நாவை வெளியே தள்ளுகிறது. இனிப்பு நீரை வைத்தால் சப்புக்கொட்டுகிறது. இதை அதற்கு எவரும் கற்றுக் கொடுக்கவில்லை.

இனிப்பை உணர்வதற்கு நம் நாவில் முதன்மையாக ஒரே வகை ஏற்பிதான் உள்ளது. கசப்பை உணர்வதற்கோ ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் உள்ளன. 2000ஆம் ஆண்டளவில்தான் அறிவியலார் இவற்றை இனங்கண்டனர். நஞ்சு பல வடிவங்களில் வரக்கூடும் என்பதால் காவலர்களும் பலராக நிற்கிறார்கள். மருந்தாக்கத் துறையினரின் தொல்லையும் இங்குதான் தொடங்குகிறது. ஓர் ஏற்பியை ஏமாற்றும் பொருள் மற்றோர் ஏற்பியிடம் செல்லுபடியாவதில்லை. எல்லாக் கசப்புக்கும் பொதுவான மாற்று என ஒன்று இல்லை.

மேலும், எல்லா நாவும் ஒன்றல்ல. 1931ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலார் ஆர்தர் ஃபாக்ஸ் தம் ஆய்வகத்தில் கையாண்ட ஒரு தூள் காற்றில் பறந்தபோது, அருகிலிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்சுக்கோ எச்சுவையும் தோன்றவில்லை. இவ்வேறுபாடு பிறப்பிலேயே அமைவது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே, 'நான் சுவைத்துப் பார்த்தேன், அப்படியொன்றும் கசக்கவில்லையே' என்று ஒரு தாய் குழந்தையை அதட்டும்போது, இருவர் சொல்வதுமே உண்மையாக இருக்கக்கூடும்.

சுவை நாவோடு முடிவதும் இல்லை. குறுந்தொகையில் மிளைக் கந்தன் பாடிய பாட்டொன்றில், காதலி கொடுத்த வேப்பங்காயும் அன்று தலைவனுக்கு இனித்தது. அன்பு குறைந்தபின் அவள் கொடுத்த தண்ணீரும் அவனுக்கு உவர்த்தது. மனம் சுவையை மாற்றும் என்பதைப் புலவர் அன்றே கண்டிருக்கிறார். ஒருமுறை மூக்கைப் பிடித்து வற்புறுத்தி மருந்தூட்டப்பட்ட குழந்தை, மறுநாள் புட்டியைக் கண்டதுமே அழத் தொடங்குவதும் இதனால்தான்.

கசப்பே வீரியமா?

'கசக்கும் மருந்துதான் நோயைத் தீர்க்கும்' என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிலவேம்பும் வேம்பும் கசப்பு. மலேரியாவுக்கு நெடுங்காலம் ஒரே மருந்தாக விளங்கிய கொயினாவும் கடுங்கசப்பு. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அதனை 1820ஆம் ஆண்டில் பாரிசில் பெல்லெத்தியே, கவெந்து என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். அந்தச் சிங்கோனா மரம் 1860-களில் நம் நீலகிரிக்கு வந்து, நடுவட்டத்துத் தோட்டங்களில் வளர்ந்து, அம்மலையிலேயே மருந்தாகவும் ஆக்கப்பட்டது. கொயினா மாத்திரையின் கசப்பை நினைவுகூரும் முதியோர் இந்த அவையிலும் இருக்கலாம்.

ஆயினும் கசப்பும் வீரியமும் ஒன்றாகா. இதனை இரண்டு சான்றுகளால் விளக்குவேன்.

1958ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், உணர்வு மரக்கச் செய்யும் மருந்துகளை ஆராய்ந்தபோது தற்செயலாகக் கிடைத்தது டெனட்டோனியம் என்னும் பொருள். அறியப்பட்ட பொருள்களுள் மிகக் கசப்பானது அதுவே என்பர். பத்து லட்சம் பங்கு நீரில் பத்துப் பங்கு கலந்தாலே வாயில் வைக்க முடியாது. அது எந்நோயையும் தீர்ப்பதில்லை. குடிக்கத் தகாத எரிசாராயம் போன்றவற்றை எவரும் குடித்துவிடாமல் தடுப்பதற்காகவே அதனைக் கலக்கிறார்கள்.

மற்றொரு சான்று, நத்தைகள் வழியாகப் பரவும் குருதிப்புழு நோய்க்கான பிராசிகுவான்டெல் என்னும் மருந்து. ஆப்பிரிக்க நாடுகளில் கோடிக்கணக்கானோருக்கு இம்மருந்து தேவைப்படுகிறது. இம்மருந்தின் மூலக்கூறு, வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றன் ஆடிப்பிம்பமாக மற்றொன்று அமைந்த இரு வடிவங்களின் கலவை. அவற்றுள் ஒன்றுதான் புழுவைக் கொல்கிறது. மற்றது நோய்க்குப் பயனற்றது. ஆனால் கசப்பின் பெரும்பங்கு அதனுடையது. பயனற்ற பாதியை நீக்கிப் பயனுள்ள பாதியை மட்டும் கொண்டு, நீரில் கரையும் குழந்தை மாத்திரையாக ஆக்கினார்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய மருந்து முகமை அதற்குச் சாதகமான கருத்தை வழங்கியது. கசப்பைக் களைந்தும் வீரியம் குறையவில்லை. கசப்பைத் தாங்குவதில் எந்தப் பெருமையும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் வீட்டு அறிவு

கசப்பை ஆளும் கலையை நம்மவர் அடுக்களையிலேயே கற்றிருக்கிறார்கள். பாகற்காயை நறுக்கி உப்புப் பிசறி வைத்து, நீரைப் பிழிந்து, புளியும் வெல்லமும் சேர்த்துச் சமைக்கிறோம். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவை வெல்லத்தோடும் மாங்காயோடும் சேர்த்துப் பச்சடியாக்குகிறோம். இவற்றுள் உப்பின் பங்கு வியப்புக்குரியது. உப்பு தன் சுவையைச் சேர்ப்பதோடு கசப்பையும் அடக்குகிறது. அதனால் உள்ளே மறைந்திருந்த இனிமை மேலெழுகிறது. இதனை விளக்கும் ஆய்வு 1997ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. நம் பாட்டிமார் அந்த இதழைப் படிக்கவில்லை, பாகற்காயைப் படித்திருந்தார்கள்.

சித்த மருத்துவத்தில் 'அனுபானம்' என்றொரு கருத்து உண்டு. சூரணத்தையோ பற்பத்தையோ தேன், நெய், பால், வெந்நீர், பனைவெல்லம் ஆகியவற்றுள் ஏற்ற ஒன்றோடு குழைத்துக் கொடுப்பது அது. அனுபானத்தின் நோக்கம் சுவை மட்டும் அன்று. மருந்தை உரிய இடத்திற்குக் கொண்டு செல்வதும் அதன் பணி என்று அந்நூலார் கருதினர். இலேகியம் என்பதே மருந்தும் இனிப்பும் நெய்யும் ஒன்றான வடிவம். கைக்குழந்தைக்கு வசம்பு, கடுக்காய், சாதிக்காய் முதலியவற்றைக் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் கலந்து உரைமருந்தாகச் சங்கில் ஊட்டினார்கள். விளக்கெண்ணெய் கொடுக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்; நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணமே என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வறிவைப் போற்றும்போதே ஒரு திருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான முடிவு. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து, பச்சிளங் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக் கூடும்.

மருந்தாக்கத்தின் வழிகள்

இனி, மருந்துத் தொழிற்சாலையில் கசப்பை எவ்வாறு மறைக்கிறார்கள் என்பதை நோக்குவோம். விரிந்த துறை இது. மூன்று வழிகளாகத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கசப்பை மற்றொரு சுவையால் அமுக்குதல். சர்க்கரைப் பாகு, செயற்கை இனிப்புகள், ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி மணங்கள் ஆகியவை இதற்கு உதவுகின்றன. இலேசான கசப்புக்கு இது போதும். கடுங்கசப்புக்கு முன் தோற்றுப்போகும்.

இரண்டாவது, மருந்தைப் போர்த்துதல். மாத்திரைக்கு மேல் சர்க்கரைப் பூச்சு இடுவதும், ஜெலட்டின் கூட்டுக்குள் தூளை அடைப்பதும் 19ஆம் நூற்றாண்டிலேயே பரவிய வழிகள். இன்று பூச்சு இன்னும் நுண்மையானது. வாயில் ஊறும் உமிழ்நீரில் புளிப்புத்தன்மை மிகக் குறைவு. இரைப்பையில் அது மிக அதிகம். உமிழ்நீரில் கரையாமல் இரைப்பை அமிலத்தில் மட்டும் கரையும் ஒரு மெல்லிய படலத்தை ஒவ்வொரு மருந்துத் துகளின்மீதும் போர்த்திவிட்டால், நாவைக் கடக்கும்வரை கசப்பு வெளிப்படுவதே இல்லை.

மூன்றாவது, மருந்தின் வேதி வடிவையே மாற்றுதல். கரையாத பொருளுக்குச் சுவை இல்லை. நாவு கரைந்ததை மட்டுமே அறியும். இந்த உண்மையைப் பயன்படுத்திய அழகியதொரு வரலாறு இத்தாலியில் உண்டு. மலேரியா அந்நாட்டைச் சூறையாடிய காலத்தில், 1900ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசே கொயினாவை விற்க முன்வந்தது. ஆனால் குழந்தைகள் அதை விழுங்க மறுத்தார்கள். அப்போது, எளிதில் கரையாத கொயினா டானேட்டைச் சாக்லேட்டில் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அரசாங்கமே சாக்லேட் செய்து மலேரியாவை எதிர்த்தது!

இதே வழியில் வந்தது குளோரம்ஃபெனிகால் பால்மிடேட். டைஃபாய்டு காய்ச்சலுக்கு ஒருகாலத்தில் பெரிதும் பயன்பட்ட குளோரம்ஃபெனிகால் கடுங்கசப்பானது. அதனோடு ஒரு கொழுப்பமிலத்தை இணைத்தபோது சுவையற்ற பொருளாயிற்று. நாவைக் கடந்து குடலை அடைந்ததும், கொழுப்பைச் செரிக்கும் நொதி அந்த இணைப்பை வெட்டி மருந்தை விடுவிக்கும். ஆனால் பின்னாளில் ஒரு சிக்கல் தெரியவந்தது. இப்பொருள் ஒன்றுக்கு மேற்பட்ட படிக வடிவங்களில் அமையக்கூடியது. அவற்றுள் ஒரு வடிவத்தை நொதி சரிவர வெட்டுவதில்லை. அவ்வடிவம் மிகுந்த மருந்தைக் குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும். தாய் நிம்மதி அடைவாள். குருதியிலோ போதிய மருந்து இராது. கசப்பை மறைத்தவர்கள், மருந்தையும் சேர்த்து மறைத்துவிடவில்லையா என்று சோதித்தாக வேண்டும் என்ற பாடம் இதிலிருந்து கிடைத்தது.

துப்பிய பாதி

'குழந்தை சற்று அழுதால் என்ன, விழுங்கினால் போதாதா?' என்று கேட்கலாம். விழுங்குவதில்லையே! பாதியைத் துப்புகிறது, அல்லது சிறிது நேரத்தில் வாந்தி எடுக்கிறது. உள்ளே சென்றது எவ்வளவு என்பதைத் தாய் அறிய வழியில்லை. மீண்டும் கொடுத்தால் அளவு மிகலாம், கொடுக்காவிட்டால் குறையலாம். மூன்று நாள் காய்ச்சலுக்கு இது சிறு தொல்லை. மாதக்கணக்கில் மருந்து உண்ண வேண்டிய நோய்க்கோ இது வாழ்வும் சாவுமான வினா.

காசநோயை எடுத்துக்கொள்வோம். நெடுங்காலமாகக் குழந்தைகளுக்கென உரிய அளவில் தனி மருந்து போதிய அளவு கிடைக்கவில்லை. பெரியவர்களுக்கான கசப்பு மாத்திரைகளை உடைத்துப் பொடித்து, கண்ணளவாகப் பங்கிட்டு, நாள்தோறும் மாதக்கணக்கில் ஊட்டினார்கள். அளவு குறைந்தால் கிருமி சாகாது; மருந்தை எதிர்க்கவும் பழகிக்கொள்ளும். 'மருந்தைக் குழந்தைக்கேற்ற அளவில் ஆக்குங்கள்' என்று உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இயக்கத்தையே தொடங்கியது. 2009ஆம் ஆண்டு மலேரியாவுக்கு, செர்ரிப் பழச் சுவையுடன் நீரில் கரையும் குழந்தை மாத்திரை வந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் காசநோய்க்கும் பழச்சுவையுடன் நீரில் கரையும் கூட்டு மாத்திரைகள் அறிமுகமாயின. 2016ஆம் ஆண்டு கென்யா அவற்றை முதலில் நாடு முழுவதும் வழங்கத் தொடங்கியது. இந்தியாவும் அவ்வழியில் சேர்ந்தது.

எச்.ஐ.வி. தொற்றுடன் பிறந்த குழந்தைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட லோபினவிர்-ரிட்டோனவிர் சிரப்பில் ஆல்கஹால் மட்டும் 42 விழுக்காடு. சுவையோ சகிக்க முடியாத கசப்பு. குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருந்ததால், மின்சாரமில்லாக் குடிசையில் அது பெரும் சுமையாயிற்று. நாள்தோறும், வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய மருந்துக்கு இந்த நிலை. 2020ஆம் ஆண்டு டொலுடெக்ராவிர் என்னும் மருந்து, ஸ்ட்ராபெரிச் சுவையுடன் நீரில் கரையும் 10 மில்லிகிராம் மாத்திரையாக ஒப்புதல் பெற்றது. வறிய நாடுகளில் ஒரு குழந்தைக்கு ஓராண்டு மருந்தின் விலையை 36 டாலராகக் குறைக்கும் உடன்பாடும் அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. அம்மாத்திரைகளை ஆக்கித் தருவதில் இந்தியாவின் பொதுப்பெயர் மருந்துத் தொழிலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு பழச்சுவை, குழந்தையையும் சிகிச்சையையும் பிணைத்து வைக்கும் கயிறாக நிற்கிறது.

இனிப்பின் மறுபக்கம்

அன்பர்களே! இதுவரை கசப்பை மறைத்தலின் நன்மையைச் சொன்னேன். இனி அதன் மறுபக்கத்தைச் சொல்வது என் கடமை.

1937ஆம் ஆண்டு அமெரிக்காவில், சல்ஃபனிலமைடு என்னும் மருந்து புகழ்பெற்றிருந்தது. மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்த அதனை நீர்ம வடிவில் வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். ஒரு நிறுவனத்து வேதியியலார் அது டைஎத்திலீன் கிளைக்காலில் நன்கு கரைவதைக் கண்டார். ராஸ்பெரி மணம் சேர்த்தார். நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் சோதித்தார்கள். நஞ்சா என்பதைச் சோதிக்கவில்லை. டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. சுவையில் அது இனிப்பு! நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 34 பேர் குழந்தைகள்.

இலக்கிய அன்பர்களுக்கென ஒரு செய்தி சொல்வேன். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, சோதிக்காத மருந்தை விற்பது குற்றமன்று. ஆனால் அதன் சீட்டில் 'எலிக்சிர்' என்று அச்சிட்டிருந்தார்கள். எலிக்சிர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், அதில் இல்லை. ஆகவே, பெயர் பொய் என்ற ஒரே காரணத்தால்தான் அம்மருந்தைச் சட்டப்படி கைப்பற்ற முடிந்தது. இத்தனை உயிர்கள் போனபின் சட்டத்தின் கையில் இருந்தது ஒரு சொல் மட்டுமே. மருந்தை விற்கும் முன்னர் அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் விதி 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

நஞ்சே தேவையில்லை, நல்ல மருந்தும் இனிப்பாக இருப்பதால் தீமை விளைந்ததுண்டு. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆரஞ்சுச் சுவையுள்ள குழந்தை ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் புட்டியோடு தின்றார்கள். குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்ற 1970ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இத்தகைய விபத்துகளே காரணமாயின. நாவின் காவலை நீக்கியதற்கு ஈடாக, மூடியில் ஒரு காவலை வைக்க நேர்ந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஆறுதல் கொள்ள இயலவில்லை. 2022ஆம் ஆண்டு காம்பியா நாட்டில் 70 அளவிலான குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இந்தியாவில் ஆக்கப்பட்டு அங்குச் சென்ற நான்கு சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதே ஆண்டில் இந்தோனேசியாவில் 200-க்கு மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறே இறந்தார்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா மாவட்டத்தில், இருமல் சிரப் குடித்த 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. இருக்கத்தக்க எல்லை 0.1 விழுக்காடு.

இது எவ்வாறு நேர்கிறது? சிரப்பில் மருந்தைக் கரைக்கவும், இனிப்பும் குழைவும் தரவும் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற நீர்மங்கள் வேண்டும். மருந்துக்குரிய தூய்மையுள்ளவை விலை மிகுந்தவை. தொழிற்சாலைப் பயனுக்குரியவை மலிவானவை. மலிவானதை வாங்கி, சோதிக்காமல் ஊற்றும்போது நஞ்சு நுழைகிறது. அந்த நஞ்சு கசந்திருந்தால் குழந்தைகள் துப்பியிருப்பார்கள். அது இனித்தது, தாய்மார் கொடுத்ததைக் குழந்தைகள் மறுக்காமல் குடித்தார்கள். இதைச் சொல்லும்போது என் குரல் தளர்வதைப் பொறுத்தருள்க.

வந்திறங்கும் கரைப்பானின் ஒவ்வொரு பீப்பாயையும் சோதிப்பதற்குரிய முறைகள் நூல்களில் உள்ளன, கருவிகளும் உள்ளன. காவலை நீக்கியவர் காவலை ஏற்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதன் நடைமுறைப் பொருள் இந்தச் சோதனைதான்.

செய்யத்தக்கவை

இவ்வளவும் கேட்டபின், 'கசப்பே மேல். இனிப்பு மருந்தே வேண்டாம்' என்னும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். காசநோய்க் குழந்தைக்கு அம்முடிவு கேடாகும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வழி தெளிவானது: இயன்ற இடங்களில் எல்லாம் சிரப்பைவிட நீரில் கரையும் மாத்திரையை விரும்புதல். அதில் கசப்பு மறைக்கப்பட்டிருக்கும், அளவு சரியாக இருக்கும், குளிர்ப்பெட்டி வேண்டியதில்லை. சிரப்புக்கு வேண்டிய அந்தக் கரைப்பானுக்கே அதில் இடமில்லை. தாய் தன் வீட்டுக் கொதித்தாறிய நீரில் ஒரு கரண்டி ஊற்றிக் கரைக்கிறாள், அவ்வளவே.

வீட்டில் மருந்து கொடுக்கும் நான்காமவருக்குச் சில சொல்வேன். மருத்துவரையோ மருந்தாளரையோ கேளாமல் எந்த மாத்திரையையும் பொடிக்காதீர்கள். மேற்பூச்சு சிலவேளை கசப்பை மறைக்க மட்டுமன்றி, மருந்து குடலில் சென்று கரையவும் மெல்ல வெளிப்படவும் இடப்பட்டிருக்கும். மருந்தைப் பால் புட்டி முழுவதிலும் கலக்காதீர்கள். குழந்தை மீதம் வைத்தால் மருந்தும் மீதமாகும், நாளைப் பாலையும் அது வெறுக்கும். சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளைப் பால் உடலில் சேரவொட்டாமல் தடுக்கும். ஊசியில்லாச் சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறத்தில் மெல்ல மெல்லச் செலுத்தினால் நாவில் படுவது குறையும். இனிப்பு மிகுந்த சிரப்பை உறங்கும் முன் கொடுத்தால் வாயைக் கழுவுங்கள்; பற்கள் சொத்தையாகும். சளிக்கும் இருமலுக்கும் தாமாகச் சிரப் வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அவற்றைக் கொடுக்கவே கூடாது என்று மத்திய அரசு 2025ஆம் ஆண்டு அறிவுறுத்தியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தை 'மிட்டாய்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்ன சொல்லைக் குழந்தை நம்பும். நீங்கள் இல்லாத வேளையில் அந்த மிட்டாயைத் தேடும்.

நிறைவாக

கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த லுக்ரீஷியஸ் என்னும் கவிஞர், கசப்பு மருந்துக் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவிக் குழந்தைக்குக் கொடுக்கும் மருத்துவரைத் தம் பணிக்கு உவமையாக்கினார். கடினமான தத்துவத்தைக் கவிதையின் இனிமையோடு தருகிறேன் என்பது அவர் கருத்து. அவ்வுவமை இன்றும் வழங்குகிறது. நீதி புகட்டும் கதைகளைச் 'சர்க்கரை தடவிய மாத்திரை' என்று நம் விமரிசகர்களும் குறிப்பிடுவார்கள். உவமையை இலக்கியத்திற்குத் தந்த துறையைச் சேர்ந்தவன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தேன் தடவிய கை நம்பத்தக்கதாக இருந்தால்தான் அந்தக் கிண்ணம் குழந்தைக்கு நன்மை செய்யும். சுவைப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ஆக்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்தாண்டுகளாகப் படிப்பதற்கென்றே கூடிவரும் வட்டம் இது. இங்குள்ள ஒவ்வொருவரும் எழுத்தை ஊன்றிப் படிக்கத் தெரிந்தவர்கள். அடுத்த முறை வீட்டில் ஒரு மருந்துப் புட்டியைத் திறக்கும் முன், அதன் சீட்டில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் உட்பொருள்களையும், ஆக்கியவர் முகவரியையும், தொகுதி எண்ணையும், காலாவதி நாளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் படித்துச் சொல்லுங்கள்.